இன்ஸ்பெக்டருக்கு அல்வா

ஜெய்னப் டிஸ்கவரி சேனலில் வேலை பார்ப்பதாக அவளுடைய மாமியார் கிழக்குத் தாம்பரம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

தப்பு ஜெய்னப்புடையதுதான். கல்யாணமான புதிதில், என்ன வேலை என்று மாமியார் கேட்டபோது ‘ஈ-டிஸ்கவரி பாராலீகல்’ என்று முழுப் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். மாமியாருக்கு நடுவில் இருந்த சொல் மட்டும் பிடிபட்டது. அதிலிருந்து விசேஷ வீடுகளில் உறவுக்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு சிங்கம் ஒரு நாளைக்கு எவ்வளவு தூங்கும் என்று கேட்டார்கள். ஒரு சாச்சா, வண்டலூர் ஜூவுக்கு இவள் பெயரைச் சொன்னால் டிக்கெட் இல்லாமல் விடுவார்களா என்று விசாரித்தார். முதலில் எல்லாருக்கும் விளக்கிப் பார்த்தாள். பிறகு, விடமாட்டார்கள் என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டாள்.

அவள் வேலை அடுத்தவர்களின் கடிதங்களைப் படிப்பது. அமெரிக்காவில் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனி மேல் வழக்குப் போட்டால், அந்த ஊர்ச் சட்டப்படி இரண்டு தரப்பும் தங்கள் மெயில், வாட்ஸ்அப், படம், கணக்கு எல்லாவற்றையும் எதிராளியிடம் கொடுக்க வேண்டும். மலை மாதிரி வந்து குவியும் அதை அமெரிக்க வக்கீல்களே உட்கார்ந்து படித்தால் கட்சிக்காரர் தாங்கமாட்டார். அதனால் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைப் பார்த்த ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஜெய்னப்பும் அவளைப் போன்றவர்களும் உட்கார்ந்து படித்தார்கள். வழக்குக்குத் தொடர்பு உண்டா, இல்லையா, வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவிலான ரகசியமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை வைக்க வேண்டும். வழக்கையே புரட்டிப் போடும் சரக்கு கிடைத்தால் அதற்கு ‘ஹாட்’ என்று ஒரு தனி முத்திரை. அது வருவது அபூர்வம்.

இதற்கு முன்னால் அவள் கோட்டு போட்ட வக்கீல். செங்கல்பட்டில் பி.எல். முடித்து, தாம்பரம் கோர்ட்டில் ஒரு சீனியரிடம் சேர்ந்தாள். சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், வாய்தா வேண்டும் என்று நீதிபதியிடம் சொல்வது அவள் பொறுப்பு. அதை நன்றாகச் செய்தாள். அவளாகவே நடத்தியது ஒரே ஒரு வழக்கு. எதிர்த்தரப்பு வராததால் ஜெயித்தாள். அந்த வெற்றிக்குப் பிறகு யாரும் அவளைத் தேடி வராததால், கோட்டை பீரோவில் மாட்டிவிட்டுக் கண்ணாடிக் கட்டடத்துக்கு வந்தாள்.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஒஹையோவில் ஒரு பால்பண்ணை மேலாளருக்கு விவாகரத்து ஆகப்போவது அவர் மனைவிக்கு முன்னாலேயே ஜெய்னப்புக்குத் தெரியும். டெக்சஸில் ஒருவர் தன் நாயை இழந்த வாரத்தில் எழுதிய மெயில்கள் எல்லாவற்றுக்கும் தொடர்பில்லை என்று முத்திரை வைத்துவிட்டு, பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்திருக்கிறாள். ஆனால் இவர்களில் யாரையும் அவள் நேரில் பார்க்கப்போவதில்லை. அந்த தைரியத்தில்தான் படிக்க முடிந்தது.

அப்படி இருக்கையில் திருமுடிவாக்கத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது.

டீம் லீடர் ஸ்ரீவித்யா எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள். அமெரிக்காவில் தண்ணீர் பம்பு செய்யும் ஒரு கம்பெனிக்கு, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இருக்கும் மிருதுளா வால்வ்ஸ் என்ற சின்னக் கம்பெனி வால்வு வார்த்து அனுப்பியிருக்கிறது. வால்வுகள் அங்கே போய் வரிசையாக விரிசல் விட்டன. பம்புக்காரன் வழக்குப் போட்டுவிட்டான். நம்முடைய வக்கீல் மெரிடித் பம்புக்காரன் பக்கம்.

"மிருதுளா ஓனர் ஷ்யாம்சுந்தர் என்ன சொல்றார்னா, அவருக்கு ஒண்ணுமே தெரியாதாம். குவாலிட்டி சூப்பர்வைசர் ஒருத்தர் இருக்கார், ஜீவரத்தினம்னு. அவர்தான் மேனேஜ்மென்ட்டுக்குச் சொல்லாம பாஸ் பண்ணி அனுப்பிட்டாராம். ஸோ, அவரோட போன் மொத்தமும் நமக்கு வந்திருக்கு. கம்பெனி போன். எல்லாம் தமிழ், ஆனா இங்கிலீஷ் எழுத்துல."

"வூட்டு மெசேஜுமா மேடம்?" என்று கேட்டான் தாவீது. ஜெய்னப்புக்குப் பக்கத்து நாற்காலிக்காரன்.

"எல்லாமே ஒரே போன்ல வச்சிருக்கார். நம்ம ஆளுங்க வேற எப்படி வைப்பாங்க?"

இரண்டாம் நாளே ஹாட் கிடைத்தது. மிருதுளாவின் லோடிங் குரூப்பில் ஜீவரத்தினம் போட்ட ஒற்றை மெசேஜ். ‘இன்ஸ்பெக்டருக்கு அல்வா குடுத்தாச்சு. லோடு கெளம்பிடுச்சு.’

இன்ஸ்பெக்டர் என்பவர் பம்புக்காரன் சார்பில் சரக்கைச் சோதித்துப் பார்க்க வருகிற ஆள். மொழிபெயர்க்கும் மெஷின் அதைச் சுத்தமாக மொழிபெயர்த்திருந்தது. இன்ஸ்பெக்டருக்கு இனிப்பு கொடுக்கப்பட்டது, சரக்கு புறப்பட்டது. மெரிடித்திடமிருந்து உடனே பதில் வந்தது. இது லஞ்சம் அல்லவா? அல்வா என்பது எப்படிப்பட்ட பொருள்? டப்பாவுக்கு அடியில் வேறு ஏதாவது வைத்துக் கொடுக்கும் வழக்கம் உங்கள் ஊரில் உண்டா?

"மேடம், அது அந்த அல்வா இல்ல," என்றான் தாவீது. "அல்வா குடுத்துட்டான்னா ஏமாத்திட்டான்னு அர்த்தம். இன்ஸ்பெக்டர் கண்ணுல மண்ணத் தூவிட்டு லோடு ஏத்திட்டாங்க."

ஸ்ரீவித்யா இதையும் எழுதி அனுப்பினாள். மெரிடித் ஏமாற்றமடைவாள் என்று பார்த்தால், முன்னைவிட உற்சாகமாகிவிட்டாள். லஞ்சம் என்றால் இன்ஸ்பெக்டரும் சேர்ந்து மாட்டுவார். ஏமாற்று என்றால் மிருதுளா மட்டும் மாட்டும். இரண்டு அர்த்தத்தையும் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தாள்.

"மொழிபெயர்ப்பு சரின்னு ஒருத்தர் சத்தியம் பண்ணி சைன் பண்ணணும்," என்றாள் ஸ்ரீவித்யா. "ஜெய்னப், நீ பண்ணிடு. பி.எல். வேற படிச்சிருக்க."

"எது சரின்னு பண்றது?"

"எது சரியோ அது."

ஜெய்னப்புக்கு எது சரி என்று தெரியவில்லை. ஒரு மனிதன் அல்வா என்று எழுதினால் என்ன நினைத்து எழுதினான் என்பதற்கு, அந்த மனிதன் யார் என்று தெரிய வேண்டும். ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். கேட்டுவிட்டு ஜீவரத்தினத்தைப் படிக்க உட்கார்ந்தாள்.

அவர் பம்மலில் இருந்தார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். தினம் காலையில் எல்லா குரூப்பிலும் ரோஜாப்பூ படத்தோடு குட்மார்னிங் போட்டார். யாரும் பதில் போடுவதில்லை. மறுநாளும் போட்டார். சில நாள் ரோஜாவுக்குப் பதில் இரண்டு புறா. சர்க்கரை வியாதி இருந்தது, மனைவியிடம் மறைத்தார், மனைவிக்குத் தெரிந்திருந்தது. முழங்கால் வலி. மனைவியின் தம்பியோடு ஒரு பைக் விஷயமாகச் சண்டை; அவனைப் பற்றி அண்ணனுக்கு அனுப்பிய மெசேஜ்களை ஜெய்னப் கொஞ்சம் வேகமாகக் கடந்தாள். நர்சிங் படிக்கிற ஒரே மகள் ஜெரூஷா. இந்த ஜெரூஷா அனாட்டமியில் பெயிலாகியிருந்தாள். பிறகு மறுபடியும் பெயிலானாள். மகளுக்கு அவர் அனுப்பிய மெசேஜ், ‘பரவால்ல மா. எலும்பு எங்கயும் ஓடி போகாது. அடுத்த வாட்டி படிச்சிக்கலாம்.’

ஜெய்னப் அதற்குத் தொடர்பில்லை என்று முத்திரை வைத்தாள். வைத்துவிட்டுச் சற்று நேரம் ஜன்னல் வழியாகச் சதுப்பு நிலத்தைப் பார்த்தாள்.

அல்வாவைப் பற்றி வேறு எங்காவது பேசியிருக்கிறாரா என்று தேடுவதற்காக, மெஷின் ஏற்கெனவே ஒதுக்கிவைத்திருந்த ஒரு குவியலைத் திறந்தாள். மெஷின் அதற்கு ‘உணவு, கேன்டீன்’ என்று பெயர் வைத்திருந்தது. சாப்பாட்டுச் சாமான் பெயர் எது வந்தாலும் அதற்குள் தள்ளிவிட்டு, தொடர்பில்லை என்று மூடியிருந்தது. பெரும்பாலும் நியாயமான குவியல்தான். கருவாடு வாங்கவா, இட்லி மாவு புளித்துவிட்டதா, பிரியாணி யார் வாங்குவது. நடுவில் ஒன்று வந்தது. ஷ்யாம்சுந்தருக்கு ஜீவரத்தினம் அனுப்பியது.

‘சட்டில இருந்தா தான் சார் அகப்பைல வரும்.’

ஜெய்னப் நகர்ந்து போயிருப்பாள். ஆனால் அடுத்த மாதத்தில், மறுபடியும் ஓனருக்கு: ‘அரைச்ச மாவையே அரைக்கறோம் சார். எத்தினி வாட்டி தான் அரைக்கறது.’ அதற்குப் பிறகு ஒன்று: ‘வேகறதுக்கு முன்ன எறக்கறோம். துன்றவனுக்கு வயிறு கெட்டா நம்மள தான் கேப்பாங்க.’

மெஷின் இவற்றைக் கேன்டீன் பற்றிய புகார் என்று எடுத்துக்கொண்டிருந்தது. மிருதுளாவில் கேன்டீனே கிடையாது. இது ஜெய்னப்புக்குத் தெரியும். ஜீவரத்தினம் வீட்டிலிருந்து டிபன்பாக்ஸ் எடுத்துப் போவார். எடுத்துப் போக மறந்த நாட்களில் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் படித்திருந்தாள்.

நேர வரிசைப்படி எடுத்து வைத்துப் பார்த்தபோது விஷயம் தெளிந்தது. ஒவ்வொரு பழமொழிக்கும் சற்று முன்னால் அவர் ஓனருக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். அறுத்துப் பார்த்த வால்வு, உள்ளே ஊசித் துளைகள். சட்டி என்றது மட்டமான இரும்பு. அரைத்த மாவு என்றது கழிவையே மறுபடி மறுபடி உருக்குவது. வேகாமல் இறக்கியது, உலையில் வைக்க வேண்டிய நேரத்தைக் குறைத்தது. அந்த மனிதர் ஓனரிடம் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லியிருந்தார். சமையல் பாஷையில் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். ஓனர் முதலாவதற்குக் கட்டைவிரல் போட்டிருந்தார். இரண்டாவதற்கு ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’. மூன்றாவதற்கு ஒன்றுமில்லை.

"தாவீது, இங்க வந்து பாரேன்."

தாவீது குனிந்து படித்தான். இன்னொரு முறை படித்தான். "அக்கா, இந்தாளு கத்திக்கினே இருந்திருக்காரு," என்றான்.

அல்வாவும் அதே குவியலில்தான் கிடைத்தது. அந்த லோடு கிளம்பிய அதே நாளில், குடும்ப குரூப்பில்: ‘ஜெரு அனாட்டமி கிளியர்! கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அல்வா வாங்கி கம்பெனில எல்லாருக்கும் குடுத்தேன்.’ கூடவே டப்பாவின் படம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்வீட் கடை. லோடிங் குரூப்பில் யாரோ, எல்லாருக்கும் வந்ததா, யாராவது விட்டுப்போச்சா என்று கேட்டிருக்க வேண்டும். அதற்குத்தான் இவர், இன்ஸ்பெக்டருக்கும் கொடுத்தாச்சு என்று பதில் போட்டிருக்கிறார். கேள்வி கேட்டவன் தன் மெசேஜைப் பிற்பாடு அழித்திருந்ததால் பதில் மட்டும் அனாதையாக நின்றது.

அன்று சாயங்காலம் மெரிடித் வீடியோவில் வந்தாள். நாற்பது வயதிருக்கும், காபி கோப்பையைக் கீழே வைக்காத பெண்மணி.

"அப்படியானால் அல்வா என்பது லஞ்சம் இல்லை."

"இல்லை."

"ஏமாற்றும் இல்லை."

"இல்லை."

"பிறகு என்ன?"

"அல்வாதான்," என்றாள் ஜெய்னப். "கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டுவார்கள்."

மெரிடித் ஒரு மிடறு காபி குடித்தாள். அருமையான ஆதாரம் ஒன்று செத்துப்போன துக்கத்தை அவள் முகம் அனுஷ்டித்தது. பிறகு ஜெய்னப் மாவைப் பற்றிச் சொன்னாள். மெரிடித் கோப்பையைக் கீழே வைத்தாள். அதைச் சொன்னவன் முக்கியமல்ல, கேட்டுக்கொண்ட ஓனர்தான் முக்கியம் என்பது அவளுக்கு உடனே விளங்கியது. ஜெய்னப் மூன்று பக்கம் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆனால் ஒரு மெசேஜுக்கு அர்த்தம் இதுதான் என்று எழுதியவர் வாயாலேயே வரவேண்டும். அதற்காக ஜீவரத்தினத்தை வீடியோவில் விசாரிக்க ஏற்பாடாயிற்று. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஓட்டலின் மீட்டிங் ஹால். ஆதாரங்களைத் திரையில் எடுத்துப் போட ஒரு ஆள் தேவை, ஜெய்னப்பை அனுப்பினார்கள். புறப்படும்போது ஸ்ரீவித்யா ஒன்றுக்கு இரண்டு தரம் சொன்னாள்.

"விட்னெஸ்கூட ஒரு வார்த்தை பேசக் கூடாது. குட்மார்னிங்கூடச் சொல்லாத."

இப்படி வாழ்க்கையில் முதல்முறையாக, தான் படித்த ஒரு மனிதனை ஜெய்னப் நேரில் பார்த்தாள். அவள் நினைத்திருந்ததைவிடக் குள்ளமாக இருந்தார். சலவைச் சட்டை, பையில் பேனா. வலது காலை நீட்டியபடி உட்கார்ந்தார். வலது முழங்கால்தான் என்று ஜெய்னப்புக்குத் தெரியும். அவருக்குப் பக்கத்து நாற்காலியில், கம்பெனியின் பிரதிநிதியாக, ஓனர் ஷ்யாம்சுந்தரே உட்கார்ந்திருந்தார். கைக்கெட்டும் தூரம். அப்படி உட்கார அவருக்கு உரிமை உண்டாம்.

ஒரு திரையில் மெரிடித், இன்னொரு திரையில் மிருதுளாவின் அமெரிக்க வக்கீல். நடுவில் மொழிபெயர்ப்பாளர் ஸ்ரீரங்கன், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மெரிடித் கேட்பதை அவர் தமிழில் சொல்வார்.

"தாங்கள் அனுப்பிய குறுஞ்செய்தியில் குறிப்பிடப்பட்டுள்ள இனிப்புப் பண்டம் யாது?"

ஜீவரத்தினம் ஸ்ரீரங்கனையே பார்த்தார். "இன்னா சார்?"

"அல்வா."

"ஆங். அல்வா தான் சார். எம் பொண்ணு பாஸாச்சு."

"ஆய்வாளருக்கு அதனை வழங்கியதன் உள்நோக்கம்?"

"உள்நோக்கம்லாம் ஒண்ணும் இல்ல சார். அந்தாளு அங்க நின்னுகினு இருந்தாரு. எல்லாருக்கும் குடுத்துட்டு அவர மட்டும் வுட்டா நல்லாவா கீது?"

ஸ்ரீரங்கன் இதைப் பிழையற்ற ஆங்கிலத்தில் சொன்னார். அல்வா அத்துடன் முடிந்தது.

அடுத்து மெரிடித் பொதுவாக ஆரம்பித்தாள். வால்வுகளில் குறை இருப்பதை எப்போதாவது கவனித்தீர்களா? ஜீவரத்தினம் ஓரக்கண்ணால் ஷ்யாம்சுந்தரைப் பார்த்தார். ஷ்யாம்சுந்தர் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாபகம் இல்ல சார்," என்றார் ஜீவரத்தினம். யாரிடமாவது சொன்னீர்களா? ஞாபகம் இல்லை. எழுத்தில்? ஞாபகம் இல்லை. குரல் ஒவ்வொரு தடவையும் இறங்கிக்கொண்டே போயிற்று. அந்தக் கம்பெனியில்தான் அவர் அடுத்த மாதமும் சம்பளம் வாங்க வேண்டும்.

மெரிடித் பத்து நிமிஷம் இடைவேளை விட்டாள். ஷ்யாம்சுந்தர் போன் பேச வெளியே போனார். ஸ்ரீரங்கன் தண்ணீர் தேடிப் போனார். ஓட்டல்காரர் ஒருவர் டீத் தட்டோடு உள்ளே வந்து, கோப்பைகளில் சர்க்கரையைப் போட ஆரம்பித்தார்.

"அவருக்குச் சர்க்கரை போடாதீங்க அண்ணா," என்றாள் ஜெய்னப்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் சொன்னது தெரிந்தது. டீக்காரர் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜீவரத்தினம் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"எனக்கு சுகர் கீதுன்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

ஜெய்னப் பேசக் கூடாது. பேசாமல் இருந்தால் அது அதைவிட மோசமாக இருக்கும் போலிருந்தது.

"படிச்சேன் சார். உங்க போன்ல."

"கம்பெனி மேட்டர் தானம்மா படிப்பீங்க?"

"எல்லாத்தையும் படிக்கணும் சார். படிச்சாதான் எது கம்பெனி மேட்டர்னு தெரியும்."

அவர் முகம் மாறியது. கோபமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபமில்லை. நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்த மனிதனின் முகம் அது. கோப்பையை மேஜையில் வைத்தார்.

"வூட்டு குரூப்பு?"

"அதுவும்."

"மச்சானப் பத்தி எங்கண்ணனுக்குப் போட்டது?"

"அதுக்கு வழக்குல தொடர்பில்லைன்னு போட்டுட்டேன். இனிமே யாரும் பாக்கமாட்டாங்க."

வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"குட்மார்னிங்லாம்?"

"எல்லாத்தையும் பாத்தேன் சார். புறாவும் பாத்தேன்."

"ஒரு பய பதில் போட்டதில்லம்மா," என்றார். பிறகு, ஏதோ கணக்கு நேர் செய்பவரைப் போல, "அன்னிக்கு அல்வால நானும் ரெண்டு துண்டு துன்னேன். அது மட்டும் எங்கயும் எழுதல," என்றார்.

ஷ்யாம்சுந்தர் திரும்பி வந்து உட்கார்ந்தார். திரைகள் உயிர்பெற்றன.

மெரிடித் சொன்னபடி ஜெய்னப் முதல் மெசேஜைத் திரையில் போட்டாள். சட்டியும் அகப்பையும். இதன் பொருள் என்ன என்று மெரிடித் கேட்டாள். ஜீவரத்தினம் திரையைப் பார்த்தார். இந்த முறை ஓனரைப் பார்க்கவில்லை. ஜெய்னப்பையும் பார்க்கவில்லை.

"மட்டமான இரும்பு வாங்கறோம், அதுல நல்ல வால்வு வராதுன்னு சொன்னேன் சார்."

"யாரிடம் சொன்னீர்கள்?"

"இதோ குந்திகினு கீறாரே, இவர்கிட்ட தான்."

ஸ்ரீரங்கன் ஒரு கணம் தயங்கி, அதையும் மொழிபெயர்த்தார். பிறகு மாவு வந்தது, வேகாமல் இறக்கியது வந்தது. ஒவ்வொன்றையும் ஜீவரத்தினம் தன் தொழிலை விளக்குகிறவரின் நிதானத்தோடு சொன்னார். ஷ்யாம்சுந்தர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். மிருதுளாவின் வக்கீல் தன் திரைக்குள் எதையோ தேடுவதைப் போலக் குனிந்துகொண்டார்.

கூட்டம் கலைந்ததும் ஜெய்னப் ஸ்ரீவித்யாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இடைவேளைக்கு முன்னால் ஞாபகமில்லை என்ற ஒருவர், இடைவேளைக்குப் பின்னால் எல்லாவற்றையும் ஞாபகப்படுத்திக்கொண்டார். நடுவில் நடந்தது இவள் பேச்சு மட்டும்தான். அந்த நினைப்போடு அவளால் வீட்டுக்குப் போக முடியவில்லை.

ஸ்ரீவித்யா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்படி என்னடி பேசின?"

"சர்க்கரை, மச்சான், புறா."

மெரிடித் இதை எதிர்த்தரப்புக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்றாள், தெரிவித்தாள். சாட்சியோடு பேசிய ஒவ்வொரு சொல்லையும் ஜெய்னப் எழுதிக் கொடுத்தாள். ஜீவரத்தினம் தின்ற இரண்டு துண்டு அல்வா வழக்கின் சாரத்தைத் தொடுகிறதா என்று இரண்டு அமெரிக்க வக்கீல்கள் தொலைபேசியில் விவாதித்தார்கள். தொடவில்லை என்று முடிவாயிற்று. ஓனருக்குப் போன வால்வுப் படங்கள் தேதியோடு இருக்கும்போது மனிதர் பேசியதைக் கிளறி மிருதுளாவுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதும் ஒரு காரணம். ஜெய்னப்புக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. சாட்சிகளிடம் எப்படிப் பேசாமல் இருப்பது என்பது பற்றி ஒரு வீடியோவைப் பார்த்து, கடைசியில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. சொன்னாள். எல்லாம் சரி என்று பச்சை டிக் விழுந்தது.

சில வாரங்களில் மிருதுளா சமாதானத்துக்கு வந்துவிட்டது. வழக்கு முடிந்ததால் நிபந்தனைப்படி போனிலிருந்து எடுத்த எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னார்கள். அழித்ததற்கு ஒரு சான்றிதழில் ஜெய்னப்பே கையெழுத்துப் போட்டாள். ஜீவரத்தினம் என்ன ஆனார் என்று கேட்பதற்கு அவளுக்கு வழியுமில்லை, உரிமையுமில்லை. அடுத்த வழக்கு கோழித் தீவனம் சம்பந்தப்பட்டது. அயோவாவில் ஒருவர் தன் மேலதிகாரியைப் பற்றித் தன் தங்கைக்கு நிறைய எழுதியிருந்தார். ஜெய்னப் முன்னைவிட மெதுவாகப் படிப்பதாக ஸ்ரீவித்யா ஒருமுறை சொன்னாள்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஜெய்னப் தாம்பரம் ஸ்டேஷனில் எக்மோர் போகும் வண்டிக்காக நின்றிருந்தாள். பிளாட்பாரத்தில் ஒருவர் அவளைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தார். கையில் ஊன்றுகோல். பக்கத்தில் உயரமான பெண் ஒருத்தி.

"நல்லா கீறியாம்மா?" என்றார் ஜீவரத்தினம்.

"இருக்கேன் சார்."

அவர் மகள் பக்கம் திரும்பினார். "இவங்க..." என்று ஆரம்பித்தவருக்கு வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. "ரொம்ப தெரிஞ்சவங்க," என்று முடித்தார்.

"வணக்கம் அக்கா. நான் ஜெரூஷா."

ஜெய்னப் அவளைப் பார்த்தாள். இந்தப் பெண்ணின் ரத்த வகை அவளுக்குத் தெரியும். ஹாஸ்டலில் எந்த வாரம் அழுதாள் என்று தெரியும்.

"என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"நர்சிங் முடிச்சிட்டேன் அக்கா. குரோம்பேட்டைல ஒரு ஆஸ்பத்திரில சேந்திருக்கேன், எலும்பு வார்டு. அப்பாவுக்கு அங்கதான் முட்டி ஆபரேஷன் பண்ணோம். நான்தான் டியூட்டி. ஒரு பேச்சு கேக்கல இவரு."

"ரெண்டாவது நாளே நடக்க வுட்டா," என்றார் அவர். "வூட்டுக்காரி கணக்கா ஆர்டர் போடறா."

"வேலை?" என்று ஜெய்னப் அவரைக் கேட்டாள்.

"அவுரு மறுநாளே அனுப்பிட்டாரு. நாலு மாசம் சும்மா குந்தினேன். இப்ப அதே எஸ்டேட்ல, பக்கத்துத் தெருவுல ஒரு கம்பெனி. ஓனரு சின்னப் பையன். ஒண்ணு சொன்னா காது குடுத்துக் கேக்கறான்."

இவை எதையும் ஜெய்னப் படித்ததில்லை. எல்லாம் அந்தப் போனைப் பறித்துக்கொண்டு போன தேதிக்குப் பிறகு நடந்தவை. அவள் மேலும் கேட்டாள். எந்தக் கால், தையல் பிரித்தாயிற்றா, வார்டில் இரவு டியூட்டி உண்டா, பஸ்ஸில் போகிறாயா வண்டியிலா. ஜெரூஷா ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னாள். வண்டி வந்து நின்றது. பெண்கள் பெட்டியில் ஏறிய ஜெரூஷா ஜன்னலோர இடத்தைப் பிடித்து, ஜெய்னப்பைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். ஜீவரத்தினம் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பொதுப் பெட்டியை நோக்கி நொண்டியபடி நடந்தார்.

"அப்பாவ உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டாள் ஜெரூஷா.

வண்டி நகர்ந்தது. அடுத்த ஸ்டேஷன் சானடோரியம் வருவதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"வேலை விஷயமா," என்றாள் ஜெய்னப். "அவர் எழுதறது எனக்குப் பிடிக்கும்."

"எங்கப்பாவா? எழுதறாரா?" ஜெரூஷா சிரிக்க ஆரம்பித்தாள்.